மெற்றல் கிற்றாரின் பாரம் எங்கிருந்து வருகிறது?

ஹெவி மெற்றல் இசையைக் கிற்றாரில் வாசிக்கத் தொடங்கும் பிள்ளைகள் பலர் முதலில் செய்வது, ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டோர்ஷன் பெடலின் கெயினை, அதாவது கரகரப்பின் அளவை, பத்தில் வைப்பது. வெள்ளவத்தை ஃபிளாட் அறைக்குள் தனியே வாசிக்கையில் அது பெரிசாகத்தான் கேட்கும். ட்ரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் இரைச்சல் மட்டும் மிஞ்சும், றிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிற்றார் வரி) காணாமல் போய்விடும். கெயின் ஐந்து, ஆறு போதும். மிட்ஸை (நடுத்தர ஒலிகளை) வெட்டாதீர்கள், பான்டுக்குள் கிற்றார் கேட்பதே அதனால்தான்.

பாரம் முழுக்க வலது கையில். ஸ்டிக்மாட்டா போன்ற கொழும்பு பான்டை மேடையில் பார்க்கும்போது அந்தக் கையைக் கவனியுங்கள். உள்ளங்கையின் சுண்டுவிரல் ஓரத்தை, கிற்றார் உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜை விட்டுக் கம்பி வெளிவரும் இடத்தில் லேசாக வைக்க வேண்டும். கழுத்துப் பக்கம் அதிகமாக நகர்ந்தால் சுரம் செத்துவிடும். பிரிட்ஜுக்குப் பின்னால் போனால் கம்பி அடங்காது. நடுவில், 'ஜக் ஜக்' என்று நெஞ்சில் இடிக்கும் ஓரிடம் உண்டு. அதைத் தேடிப் பிடிக்கும் சுகத்துக்கு ஈடே இல்லை. அழுத்தக் கூடாது: ஸ்பிரிங்கில் அசையும் மிதக்கும் பிரிட்ஜ் என்றால் சுருதி ஏறிவிடும். கம்பியை மீட்டும் பிக்கின் தடிப்பு ஒரு மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருக்கட்டும். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 80 அடியில் வைத்து, அடிக்கு இரண்டு மீட்டல் வீதம், எல்லாம் மேலிருந்து கீழாக வாசியுங்கள். முழங்கை இறுகினால் வேகத்தைக் குறையுங்கள்.

பாரத்துக்காகக் கிற்றாரின் சுருதியை இறக்கும் பழக்கத்துக்கு, பிளாக் சபாத் பான்டின் கிற்றார் கலைஞர் டோனி ஐயோமியைத்தான் கும்பிட வேண்டும். பேர்மிங்ஹாம் தொழிற்சாலையில் 17 வயதில் வலக்கை விரல்கள் இரண்டின் நுனி போயிற்று. இடக்கைக்காரர் என்பதால் கம்பியை அழுத்தும் கையே அதுதான். பிளாஸ்ரிக்கை உருக்கி விரல்தொப்பி செய்தார், மெல்லிய கம்பி மாட்டினார், பிளாக் சபாத்தின் 1971 ஆல்பத்தில் சில பாட்டுகளுக்கு மூன்று அரைச்சுரம் இறக்கினார்.

அவருக்குத் தளர்ந்த கம்பி தேவைப்பட்டது. த்ராஷ் என்ற வேகமான மெற்றலுக்கோ இறுக்கம் வேண்டும். 10–46 கம்பிச் செற்றை (மிக மெல்லிய, மிகத் தடித்த கம்பிகளின் தடிப்பு, அங்குலத்தின் ஆயிரத்தில்) அப்படியே இறக்கினால் தொளதொளத்து, கழுத்தின் குறுக்குக் கம்பிகளான பிரெட்டில் அடிபடும். தடித்த கம்பியை டி சுரத்துக்கு இறக்கும் டிரொப் டிக்கு 10–52, அதைச் சி வரை இறக்கும் டிரொப் சிக்கு 11–56 போடுங்கள். மாற்றியதும் 12ஆம் பிரெட்டில் அழுத்திப் பாருங்கள். அதே இடத்தில் கம்பியை லேசாகத் தொட்டு மீட்டும் ஹார்மோனிக்கைவிடச் சுருதி கூடியிருந்தால், பிரிட்ஜில் கம்பி தங்கும் சேடிலைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும். கழுத்தின் தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் நட்டின் பள்ளம் ஒடுக்கமாக இருந்தால் தடித்த கம்பி சிக்கிக்கொள்ளும், சுருதி நிற்காது.

காலி வீதிக்குக் கீழே, கடற்கரைப் பக்கம் குடியிருப்போர் வாசித்து முடித்ததும் கம்பியின் அடிப்பக்கத்தையும் துடைக்க வேண்டும். உப்புக்காற்றில் துரு முதலில் ஏறுவது அங்கேதான். மழை மாதங்களில் கழுத்தும் அசையும். கழுத்துக்குள் அதன் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ரொட்டை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல், ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.