மடிப்புக்குள் ஒன்றரை அங்குலம்

2024 ஜனவரி 3, புதன்

நத்தார் தையல் எல்லாம் முடிந்து கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். பதினொரு மணிபோல டிக்கோயா பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். தோட்டப் பாடசாலையில் டீச்சர். பெப்ரவரி 10 கல்யாணம். 14ஆம் திகதி விபூதிப் புதன், தவக்காலம் தொடங்கிவிடும், அதனால் திகதியைத் தள்ளவும் முடியாது. ஐந்து வாரம்தான் இருக்கிறது.

முதலில் போனைக் காட்டினாள். அமெரிக்காவில் மணப்பெண்கள் ஐம்பது வருஷத்துப் பழைய பருத்திக் கவுன்களைத் தேடிப் பிடித்து உடுத்துகிறார்களாம். கழுத்துவரை லேஸ், நெஞ்சில் ‘பின் டக்’ என்கிற ஊசி மடிப்புகள், கை முழுநீளம். சான் பிரான்சிஸ்கோவில் ஜெசிக்கா மெக்லின்டொக் என்ற பெண் 1969 முதல் நடத்திய ‘கன்னி சாக்ஸ்’ கம்பனியின் கவுன்களுக்குத்தான் அடிபிடி. கன்னிப் பெண்கள் போடுவதால் அந்தப் பெயர் என்று நினைத்தேன். இல்லையாம், கோணிச் சாக்கிலிருந்து வந்த பெயராம்! சிரித்துவிட்டேன். விலையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

“இதே மாதிரி எங்க வீட்டிலேயே ஒன்னு இருக்குக்கா” என்று பையைத் திறந்தாள். பழைய சேலையில் சுற்றிய கவுன். அம்மாயியின் டிரங்குப் பெட்டியில் கிடந்ததாம். பெரிய துரைசாணி, தோட்டத் துரையின் மனைவி, லண்டனிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது என்று வீட்டில் சொல்வார்களாம்.

பிளேன்டீ நிறத்தில் இருந்தது. நப்தலின் வாசம் மூக்கைத் துளைத்தது. “வச்சிட்டுப் போ, பார்த்துட்டுச் சொல்றேன்” என்றேன். முடியாது என்று சொல்லத்தான் முதலில் வாய் வந்தது.

ஜனவரி 5, வெள்ளி

இரண்டு இரவாக அந்தக் கவுனோடுதான் இருக்கிறேன்.

உள் மடிப்பில் நாலைந்து நூலை உருவி நெருப்புக் காட்டினேன். கடதாசி எரிகிற வாசம், மெல்லிய சாம்பல், உருண்டை எதுவும் கட்டவில்லை. அசல் பருத்தி. மல் துணியைவிடக் கொஞ்சம் நெருக்கமான, ‘லோன்’ (lawn) என்கிற மெல்லிய நெசவு. பொலியஸ்டர் கலந்திருந்தால் உருகிக் கறுப்பு மணி மாதிரி உருண்டிருக்கும். முதுகில் ஜிப் இல்லை, துணி போர்த்திய சின்னப் பொத்தான் பதினாறு, ஒவ்வொன்றுக்கும் நூல் வளையம். உள்ளே ஓவர்லொக் இல்லை. பிசிறு வெளியே தெரியாமல் தையலுக்குள் தையலாக மடித்து அடித்திருக்கிறார்கள். உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டாலும் வெட்கப்பட வேண்டியதில்லை.

லேஸில்தான் துரைசாணிக் கதை உதைத்தது. கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். கீழ் விளிம்பில் இருப்பது மெஷின் லேஸ், பூவுக்குப் பூ அச்சடித்த மாதிரி ஒன்றுபோல இருக்கிறது. நெஞ்சில் இருப்பது அப்படியில்லை. ஒரு இலை கொஞ்சம் பருமன், அடுத்த இலை கொஞ்சம் ஒல்லி, நூல்கள் ஒன்றையொன்று தாண்டிப் பின்னிக் கிடக்கின்றன. பீரளு லேஸ். காலி, வெலிகமப் பக்கத்துப் பெண்கள் உருளைத் தலையணையில் குண்டூசி குத்தி, மரக்குச்சிகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. போர்த்துக்கேயர் காலத்தில் வந்த வேலை, பெயரும் அவர்களுடைய சொல்தான். லண்டன் கவுனின் நெஞ்சுக்கு வெலிகம லேஸ் எப்படி வரும்?

இன்னொன்றும் கண்டேன். இடுப்புத் தையலுக்குப் பக்கத்தில் பழைய ஊசித் துளைகள் மூன்று வரிசை. பிடித்திருக்கிறார்கள், பிரித்திருக்கிறார்கள், மறுபடி பிடித்திருக்கிறார்கள். கடைசி வரிசைக்கு அப்பாலும் இரு பக்கமும் ஒன்றரை அங்குலத் துணி வெட்டாமல் மடித்து வைத்திருக்கிறது.

ஜனவரி 9, செவ்வாய்

கழுவினேன். பொம்பிளைப் பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல என்று என் அம்மா சொல்வது இதைத்தான்.

பழைய ஜன்னல் நெட் ஒன்றைப் பெரிய பேசினில் விரித்து, அதன்மேல் கவுனைப் படுக்கவைத்து, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டேன். நனைந்த பழந்துணியைத் தோளைப் பிடித்துத் தூக்கினால் அதன் பாரமே அதைக் கிழித்துவிடும். நெட்டோடு சேர்த்துத்தான் தூக்க வேண்டும். முதல் தண்ணீர் அரைமணி நேரத்தில் சாயத்தண்ணி. இரண்டாவதில் கொஞ்சம் சவர்க்காரம் கரைத்தேன். மூன்றாவது, நான்காவது வெறும் தண்ணீர். கசக்கவும் இல்லை, பிழியவும் இல்லை. குளோரின் பக்கமே போகவில்லை. அது மஞ்சளை எடுக்கும், நூலின் உயிரையும் சேர்த்து எடுக்கும்.

மஞ்சளில் பாதிக்குக் காரணம் கஞ்சி. கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணி அப்படியே பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். ராமபாணப் பூச்சி தின்னாமல் விட்டது நப்தலின் புண்ணியம். கழுத்தருகே ஒரு துருக்கறை, யாரோ குண்டூசியை எடுக்காமல் விட்டதால் வந்தது. தேசிக்காய்ப் புளியும் உப்பும் வைத்து வெயிலில் காட்டிப் பிறகு நன்றாக அலசினேன். நிழல்போல ஒரு அடையாளம் மிச்சம் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

காலையில் பனி, ஒன்பது மணிக்குமேல் சுள்ளென்று வெயில். பின்பக்கத்துப் புல்லில் வெள்ளைச் சீலை விரித்து அதன்மேல் காயப்போட்டேன். புல்லும் வெயிலும் சேர்ந்து வெளுக்கும் என்று டோபி தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுக் கோழியை விரட்டுவதிலேயே என் பகல் போனது.

அவசரப்பட்டு ஒரு தப்பும் செய்தேன். ஈரம் முழுசாகக் காயும் முன்னே இடது தோளைத் திருப்பினேன். லேஸ் ‘சர்’ரென்று இரண்டு விரல் நீளம் விட்டது. எனக்கே அறை விட வேண்டும்போல இருந்தது.

ஜனவரி 14, ஞாயிறு

கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். பூசை முடிந்து அந்தப் பிள்ளையோடு லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, போனேன், அம்மாயியைப் பார்க்க. நாளைக்குப் பொங்கல். வேதக்கார வீடானாலும் வாசலில் சாணி மெழுகிக் கரும்பு சாத்தியிருந்தது.

அம்மாயிக்கு எழுபது வயது. கொழுந்து எடுத்த கை, விரல் நுனி எல்லாம் இன்னும் கறுப்பு. துரைசாணி பேச்சை எடுத்ததும், “அடியே, துரைசாணி குடுத்தது துணி மட்டுந்தான்” என்றார். 1972இல் துரை குடும்பம் தோட்டத்தை விட்டுப் போனபோது, பங்களாவில் ஆயாவாக இருந்த இவருடைய அம்மாவுக்கு ஒரு கட்டு வெள்ளைத் துணி கிடைத்ததாம். கடையில் துணிக்குக் கியூ நின்ற காலம், அதனால் அதைப் பெரிய சீதனமாகப் பூட்டி வைத்திருக்கிறார்கள். நெஞ்சு லேஸ், சம்பள நாளில் துணி மூட்டையோடு தோட்டம் தோட்டமாக வந்துபோன சிங்கள அம்மா ஒருவரிடம் தவணைக்கு வாங்கியதாம். தைத்தது தோட்டத்து டிஸ்பென்சரி நேர்ஸம்மா.

“அப்புறம் ஏன் லண்டன்னு சொன்னீங்க?”

“நான் எங்க சொன்னேன்? ஒங்க அம்மா சொன்னது. அப்பிடிச் சொன்னாத்தானே மதிப்பு.”

மூன்று வரிசைத் துளையைப் பற்றிக் கேட்டேன். முதலாவது அவர்தான், 1973இல். இரண்டாவது தங்கச்சி, அடுத்த வருஷம். மூன்றாவது? “லயத்துல கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்தேன். யாருன்னு கண்டேன்.”

ஆக நான் எண்ணியது மூன்று இடுப்பு. ஒரே அளவுக்காரிகள் எத்தனை பேர் அதே தையலில் புகுந்து வந்தார்களோ.

ஜனவரி 16, செவ்வாய்

கீழ் விளிம்பில் இடது பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு வேறு லேஸ் ஒட்டியிருக்கிறது. எலி கடித்ததாக்கும் என்று நினைத்திருந்தேன். அம்மாயி சொன்னது வேறு. தங்கச்சி குடும்பத்துக்கு இந்தியாவுக்குப் போகப் பெயர் வந்தது, தோட்டத்து ஆட்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தக் கணக்கில். கல்யாணம் முடிந்து நாலு மாதத்தில் பயணம். தலைமன்னாரில் கப்பல் ஏறப் போகும் முதல்நாள் ராத்திரி, கத்தரிக்கோலால் அந்த ஒரு சாணை வெட்டி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாளாம்.

தங்கச்சி இப்போது கூடலூரில் இருக்கிறார். பிள்ளை படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாள். இன்றைக்குக் குரல் பதிவு வந்தது, என்னிடமும் போட்டுக் காட்டினாள். “நானா? நான் ஏன்டி வெட்டுறேன்? அது எலி கடிச்சது. அக்காவுக்கு எல்லாத்துலயும் ஒரு கதை.”

பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள். நான் வீட்டுக்கு வந்து ஒட்டுப்போட்ட இடத்தைப் பிரிக்காமல் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வெட்டு விளிம்பு நேராக இருக்கிறது. எலி அவ்வளவு நேராகக் கடிக்காது. யாரிடமும் சொல்லவில்லை.

ஜனவரி 20, சனி

மாப்பிள்ளையின் அம்மா கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்தார். கடைக்குள் வந்து உட்காரவே இல்லை. “கல்யாணத்துக்குக் கோடித் துணி உடுத்தணும் டீச்சர். யாரோ உடுத்திக் கழிச்ச துணியில மருமகளை எப்படிக் கூட்டிட்டுப் போறது?” கொழும்பில் வாடகைக்குக் கவுன் பார்த்து வைத்திருக்கிறாராம், சட்டின், நீள வால்.

நான் டீச்சர் இல்லை, ஆனால் தையல் வகுப்பு எடுப்பதால் அப்படி ஆகிவிட்டது. அவர் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். நம் வீடுகளில் நல்ல காரியத்துக்குப் பழந்துணி ஆகாதுதான். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. “அக்கா, வாடகைக் கவுன் மட்டும் கோடியா?” என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சுருங்கியது. பிள்ளை என்னை முறைத்தாள்.

சமாளிக்க விக்டோரியா ராணியைத் துணைக்குக் கூப்பிட்டேன். கல்யாணத்துக்கு வெள்ளைக் கவுன் என்பது பைபிளில் உள்ள சட்டம் இல்லை. முன்பெல்லாம் அங்கேயும் இருக்கிறதில் நல்ல உடுப்பு எந்த நிறமோ அதைத்தான் போட்டார்கள். 1840இல் அந்த ராணி வெள்ளைச் சட்டினும் ஹொனிட்டன் கை லேஸும் போட்டுக் கல்யாணம் கட்டினார், ஊரெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டது. அதே லேஸை அவர் பிற்காலத்தில் வீட்டு விசேஷங்களுக்குத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார். “ராணியே பழசைப் போட்டிருக்கு.” அந்தக் கல்யாண நாளும் பெப்ரவரி 10 என்றேன். அதற்குத்தான் கொஞ்சம் அசைந்தார்.

போகும்போது துணியை விரலால் தொட்டுப் பார்த்தார். வாடகைக்குக் கேட்ட தொகையையும் மெதுவாகச் சொன்னார். இந்த மாதம் வற் வரி வேறு 18 சதவீதம் ஆகிவிட்டது. “தலையில போடுற நெட்டாவது புதுசா இருக்கட்டும். நான் வாங்குறேன்.” சரி என்றோம். கூறைப்புடவை எப்படியும் கோடிதான். தாலியும் புதுசு.

ஜனவரி 28, ஞாயிறு

மூன்றாம் ஓலையும் முடிந்தது. அளவு வேலையும் ஏறக்குறைய முடிந்தது.

இடுப்பு இரு பக்கமும் முக்கால் அங்குலம் விட்டேன், தாராளமாகப் போதும். தோள்தான் இடித்தது. இந்தப் பிள்ளை கரும்பலகையில் எழுதுகிற தோள், அம்மாயியின் காலத்து ஒடுக்கக் கைத்துளைக்குள் நுழையவில்லை. கீழ் மடிப்பில் நாலு அங்குலம் மறைத்து வைத்திருந்தார்கள். அதிலிருந்து இரண்டு முக்கோணம் வெட்டி இரு கக்கத்திலும் கொடுத்தேன். அதே துணி, அதே வயது, தேடினாலும் தெரியாது. இன்றைக்கு ரெடிமேட் கவுனில் கீழே அரை அங்குலம் மடிப்பு இருந்தால் பெரிய விஷயம். துணி மிச்சம் பிடிக்கிறார்கள், விட்டுப் பெரிதாக்க வழியே இல்லை.

மெஷினில் ஒரு தையலும் போடவில்லை. நூலும் பருத்தி, அதுவும் மெல்லியது. பழந்துணிக்கு பொலியஸ்டர் நூல் போட்டால் இழுபடும்போது நூல் நிற்கும், துணி கிழியும். நூல்தான் முதலில் அறுபட வேண்டும், அதைத் திரும்பத் தைத்துக்கொள்ளலாம்.

பெப்ரவரி 2, வெள்ளி

கடைசியாகப் போட்டுப் பார்த்தாள். நான் கிழித்த தோளை அம்மாயியிடம் காட்டி ஒத்துக்கொண்டேன். அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, விரலால் தடவி “எங்க?” என்றார். போதும்.

விடிகாலைக் குளிருக்கு மெல்லிசுத் துணி தாங்காது என்று உள்ளே ஒரு பருத்தி பெட்டிகோட் தைத்துக் கொடுத்தேன்.

பெப்ரவரி 10, சனி

பூசை பத்து மணிக்கு. பீடத்தில் மந்திரித்துத் தாலி கட்டும்போது முடிச்சு நெஞ்சு லேஸில் மாட்டிக்கொண்டது. எழுந்து ஓடிப்போய் எடுத்துவிடலாமா என்று கை துடித்தது. மாப்பிள்ளையின் தங்கச்சி நிதானமாக விடுவித்தாள். ஒரு நூலும் போகவில்லை.

கொட்டாஞ்சேனைக்காரர்கள் சிலர் லேஸைப் பார்த்துக் கிசுகிசுத்தார்கள். மாமியார் திரும்பி, “அது கையால பின்னினது, இப்ப கிடைக்காது” என்றார், தானே வெலிகமையில் போய் வாங்கிவந்த மாதிரி.

பிற்பகல் கூறைக்கு மாற்றினார்கள். சிவப்பு அவளுக்கு வெள்ளையைவிட எடுப்பாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பெப்ரவரி 11, ஞாயிறு

காலையிலேயே பிள்ளையின் தம்பி கவுனோடு வந்து நின்றான். முன்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புச் சோடா. நேற்றே கொண்டுவந்திருக்க வேண்டும், இனிப்புக் கறை காய்ந்தபின் பார்வைக்குப் போன மாதிரி இருந்து வருஷக் கணக்கில் பழுப்பாக எழும்பும் என்று திட்டினேன். அவன் பாவம், தலையைச் சொறிந்தான். பக்கத்து லயத்தில் ஒரு அக்காவுக்கு வைகாசியில் கல்யாணமாம், இடுப்பு இவளைவிடப் பெரிதாம், விட இடம் இருக்கிறதா என்று கேட்டு வரச் சொன்னார்களாம்.

“பக்கத்துக்கு முக்கால் அங்குலம் இருக்கு. அவளை நேரில் வரச் சொல்லு” என்றேன்.

பேசினில் நெட் விரித்துப் போட்டிருக்கிறேன். மூன்று தண்ணீர் மாற்றியாகிவிட்டது, இன்னும் இளஞ்சிவப்பு வருகிறது.