பச்சை ஈயில் நிறத்தை நம்பி மதிப்பெண்ணை இழந்த கதை

முதுகலை விலங்கியல் செய்முறைத் தேர்வில் ஸ்பாட்டராக, அதாவது பார்த்துப் பெயர் எழுத வேண்டிய மாதிரியாக, ஓர் ஈ வைத்திருந்தார்கள். பச்சை மினுமினுப்பு, வயிற்றில் கரும்பட்டைகள். 'கிரைசோமியா மெகாசெஃபாலா' என்று எழுதிவிட்டு நகர்ந்தேன். அது கிரைசோமியா ரூஃபிஃபேசீஸ். எனக்குப் போனது மதிப்பெண்தான். சடலத்தில் வளரும் ஈப் புழுக்களின் வயதை வைத்து இறந்த நேரத்தைக் கணிப்பார்கள். அங்கே இந்தத் தவறைச் செய்தால் அந்தக் கணக்கே பிசகும். இரண்டின் புழுக்களும் வளரும் வேகம் வேறு. போதாததற்கு, ரூஃபிஃபேசீஸ் புழு மற்ற ஈக்களின் புழுவைத் தின்றும் வளரும்.

அதன் பிறகு மீன் சந்தைக் கழிவுத் தொட்டிதான் எனக்குப் பாடசாலை. வலையில் சிக்கிய ஈயைச் சிறு கண்ணாடிக் குப்பியில் அடைத்து, மீன்காரம்மாவிடம் கேட்டு வாங்கிய ஐஸில் சில நிமிடங்கள் புதைத்தால் ஈ அசையாமல் கிடக்கும். (ஈ பிடிக்கவா இத்தனை படிப்பு என்று அவர் சிரித்தது தனிக்கதை.) பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் போதும். ஈயைப் பக்கவாட்டில் புரட்டுங்கள். தலைக்குச் சற்றுப் பின்னால், முன்கால் உடலோடு சேரும் இடத்துக்கு மேலே ஒரு சுவாசத் துளை. அது கரும்பழுப்பாக இருந்தால் மெகாசெஃபாலா பக்கம் சாயலாம். வெள்ளையாக இருந்தால் ரூஃபிஃபேசீஸ். கன்னமும் துணைக்கு வரும்: முன்னதற்கு ஆரஞ்சு, பின்னதற்கு வெளிறியது. மெகாசெஃபாலா ஆண் என்றால் சந்தேகமே வராது. கண்ணின் மேற்பகுதியில் பெரிய முகப்புகள் (கூட்டுக்கண்ணின் சிறு கண் அலகுகள்), கீழே பொடி முகப்புகள், நடுவே கோடு கிழித்தாற்போல் எல்லை.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். கூட்டிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஈ சாம்பல் பூத்து, மினுமினுப்பே இல்லாமல் இருக்கும்.

கால்நடைப் புண்ணில் முட்டையிடும் கிரைசோமியா பெசியானாவுக்கும் சுவாசத் துளை கருமைதான். அங்கே இறக்கை உடலோடு சேரும் இடத்தில் இருக்கும் கீழ்ச் செதிலைப் பாருங்கள். பெசியானாவுக்கு மெழுகு வெள்ளை, மெகாசெஃபாலாவுக்கு அழுக்குப் பழுப்பு. இன்னொன்று, பெசியானா உயிருள்ள உடலின் புண்ணைத்தான் நாடும். அழுகிய மீன் தலையில் அதைத் தேடி வெயிலில் நிற்க வேண்டாம்.

என்னை அதிகம் படுத்தியது லூசிலியா என்ற இன்னொரு பச்சை ஈப் பேரினம். வயிற்றில் கரும்பட்டை தெரியாததால் பேரினம் வரை எளிதாக வந்துவிடலாம். குப்ரினாவா, செரிகாட்டாவா என்பதில்தான் சிக்கல். முன்தொடை பச்சையாக மின்னினால் குப்ரினா, நீலக்கருப்பு என்றால் செரிகாட்டா என்பது பாடம். மாலை வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகின்றன. தலையின் பின்புறத்தில், உச்சி முள்மயிருக்குக் கீழே பக்கத்துக்கு ஒரே ஒரு குறுமயிர் இருந்தால் குப்ரினா. ஆறு முதல் எட்டு வரை இருந்தால் செரிகாட்டா. அதைக் களத்தில் எண்ண முயலாதீர்கள், நுண்ணோக்கி வேண்டும். இரண்டும் கலந்து பிறக்கும் ஈக்களும் உண்டு என்பதால் அங்கேயும் சில நேரம் கைவிரிக்க வேண்டியிருக்கும்.

என் பெட்டியில் நான்கு குப்பிகளின் சீட்டில் இன்றும் 'லூசிலியா, பெண்' என்று மட்டுமே எழுதியிருக்கிறது.