வீட்டிலிருந்தே குணமாகலாம்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் எனக்கு முன்னால் நின்ற அக்கா காசநோய் மாத்திரை அட்டைகளை வாங்கி, கூடைக்குள் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டார். "நேரமாச்சு, வேலைக்குப் போகணும்" என்று கிளம்பிவிட்டார்.

முன்பெல்லாம் அப்படிக் கிளம்பிவிட முடியாது. காசநோய் என்றால் மாதக்கணக்கில் சானடோரியத்தில், அதாவது காசநோய்க்கான தனி மருத்துவமனையில், படுத்துக் கிடக்க வேண்டும். தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தின் பெயரே அந்தக் காலத்தின் மிச்சம்தான்.

அதை மாற்றியது சென்னையில் நடந்த ஓர் ஆய்வு.

இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது, 1956-இல் சிறிய மையமாகத் தொடங்கியது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு சானடோரியத்தில் படுக்கை, ஓய்வு, நல்ல சாப்பாடு. மற்றவர்கள் நெரிசலான வீட்டிலேயே, கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு. மாத்திரை மட்டும் இருவருக்கும் ஒன்றே, ஓராண்டுக்கு.

மாத்திரையை உண்மையிலேயே விழுங்கினார்களா? சொல்லாமல் கொள்ளாமல் வீடு தேடிப் போய்ச் சிறுநீரை வாங்கிச் சோதித்தார்கள். ஆராய்ச்சி என்றால் எனக்கு அந்த நடைதான் முதலில் நினைவுக்கு வரும்.

1959-இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தேறியிருந்தார்கள். குடும்பத்தாருக்கு நோய் தொற்றும் ஆபத்தும் கூடவில்லை. அப்புறம் உலகமே வீட்டுச் சிகிச்சைக்கு மாறியது.

பள்ளியில் யாரும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை. சேத்துப்பட்டு பக்கம் போனால் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டடத்தைக் காட்டுங்கள்.