2 மீட்டர், 10 மீட்டர், 90 நாள்

கமேலியா என்ற பூச்செடியின் இலை நுனியில் ஒரு பழுப்புத் திட்டு, அதன் விளிம்பில் கொஞ்சம் கருமை. வெயில் சுட்டது என்று இரண்டு வாரமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். வழக்கமான சோதனைக்காக எங்கள் நர்சரிக்கு வந்த ஆய்வாளர் அதை ஏற்கவில்லை. வெயில் என்றால் மேலே தெரியும் இலைகளின் நடுப்பகுதிதான் முதலில் வெளுக்கும்; இது தண்ணீர் வடிந்து தங்கும் நுனியில் தொடங்கியிருக்கிறதே என்றார்.

இலையைக் கிள்ளிச் சிறு புட்டியில் போட்டுக் குலுக்கினார். அந்தச் சாற்றில் சில சொட்டுகளைச் சோதனைப் பட்டையில் விட்டார். சில நிமிடங்களில் இரண்டு கோடுகள். அந்தப் பட்டை ஃபைட்டோஃப்தோரா என்ற செடிநோய்க் கிருமிப் பேரினம் இருப்பதை மட்டும்தான் காட்டும். எந்த இனம் என்பதை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். முடிவு வரும்வரை ஒரு தொட்டிகூட வெளியே போகக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்பது நாள் கழித்து முடிவு வந்தது: ஃபைட்டோஃப்தோரா ரமோரம்.

உருளைக்கிழங்குக் கருகல் நோயைத் தரும் கிருமிக்கு நெருங்கிய உறவு இது. பூசணம் போலத் தெரிந்தாலும் பூசணம் அல்ல. நீரில் நீந்திப் பரவக்கூடிய நுண்வித்துகளை உண்டாக்குவது. 1990-களின் நடுவில் கலிஃபோர்னியாவில் ஓக் மரங்களையும், ஓக் போன்ற டேன்ஓக் மரங்களையும் கூட்டம் கூட்டமாகப் பட்டுப்போகச் செய்ததும் இதுதான். 2001-இல்தான் இதற்குப் பெயரே வந்தது. கமேலியாவோ இதனால் சாவதில்லை. நாலு இலை உதிரும், அவ்வளவுதான். இலையில் பெருகும் வித்து மழையோடு போய்ப் பக்கத்து மரத்தைச் சாய்க்கும். நர்சரிக்காரர்கள் கண்ணில் இது நோயாகவே படாததில் வியப்பில்லை.

பிறகு நடந்தது அளவுநாடாவின் ஆட்சி. நோயுற்ற செடியிலிருந்து 2 மீட்டருக்குள் இருந்த, இது தொற்றக்கூடிய செடிகள் எல்லாம் எரிக்கப்பட்டன. தளதளவென்று மொட்டு விட்டிருந்தவையும்தான். ஒவ்வொன்றையும் நின்ற இடத்திலேயே பையால் மூடிக் கட்டிய பிறகே தூக்கினோம். தூக்கும்போது உதிரும் இலை அடுத்த வரிசைக்குப் போய்விடும். சருகைக் கையால் பொறுக்கினோம். தொட்டி மண்ணும் போயிற்று, ஏனென்றால் தடித்த சுவருள்ள வித்துகள் அதில் மாதக்கணக்கில் உறங்கும். 10 மீட்டருக்குள் இருந்தவை 90 நாள் காவலில். அந்த நாள்களில் பூசணக்கொல்லி தெளிக்கவே கூடாது.

இங்கே என் தவறையும் சொல்லிவிட வேண்டும். முன்னெச்சரிக்கை என்று மாதம் தவறாமல் மருந்து தெளித்தவன் நான். அது இந்தக் கிருமியை ஒழிப்பதில்லை, அறிகுறியை அமுக்கி வைக்கிறது. செடி நலமாகத் தெரியும். கிருமியோடு லாரி ஏறும்.

எரித்ததைவிடப் பதிவேடு படுத்திய பாடு பெரிது. இந்தக் கமேலியா எங்கிருந்து வந்தது, அதே தொகுதியில் மற்றவை யாரிடம் போயின? பாதி ரசீதுகளில் ‘பூச்செடி, 40’ என்றுதான் எழுதியிருந்தோம். மூன்று நாள் தொலைபேசியும் கையுமாக உட்கார்ந்தேன். ஒருவர் காட்டோரத்தில் நட்டுவிட்டதாகச் சொன்னதும் வயிறு கலங்கியது. ஓரிகன் காடுகளில் 2001-இல் இதைக் கண்டுபிடித்து, வெட்டி எரித்து ஒழிக்கப் பார்த்தார்கள். 2010 வாக்கில் பரவலைத் தாமதப்படுத்தினாலே போதும் என்று இறங்கிவந்தார்கள். இங்கிலாந்தின் தென்மேற்கில் 2009-இல் ஜப்பானிய லார்ச் மரங்களில் ஏறியபோது தோப்புத் தோப்பாக வெட்ட வேண்டியதாயிற்று. காட்டுக்குள் போனபின் 2 மீட்டர் கணக்கெல்லாம் செல்லாது.

காட்டோரத்தில் நட்டிருந்த அந்தச் செடியைப் பிடுங்கி எரித்த வனத்துறையினர், பக்கத்து ஓடையில் ரோடோடென்ட்ரான் என்ற புதர்ச்செடியின் இலைகளை வலைப்பையில் போட்டு மிதக்கவிட்டார்கள். நீரில் கிருமி இருந்தால் தூண்டிலில் மீன் போல அந்த இலையில் வந்து ஒட்டித் திட்டு விழும். விழவில்லை. அன்றுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

எங்கள் குட்டையிலும் அதே பை மிதந்தது. 61-ஆம் நாள் அதில் திட்டு விழுந்தது. வழிந்தோடும் நீரைக் குட்டையில் சேர்த்து, அதையே தெளிப்பான் வழியாகச் செடிகளின் தலையில் கொட்டிக்கொண்டிருந்தோம். தண்ணீரை வீணாக்காதவர்கள் என்று பெருமை வேறு! நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது. தெளிப்பானைக் கழற்றிச் சொட்டுநீர் போட்டோம். தொட்டிகளுக்குக் கீழே சரளை பரப்பினோம். குட்டை நீர் குளோரின் ஏறாமல் குழாய்க்குள் போவதில்லை.

இரண்டாவது 90 நாளில் ஒரு திட்டும் இல்லை. விடுவிப்புக் கடிதத்தைக் கொடுத்த ஆய்வாளர், கிளம்பும் முன் வாசலில் நின்று பூட்ஸின் அடியில் ஒட்டியிருந்த எங்கள் மண்ணைத் தூரிகையால் சுரண்டி எடுத்தார். பிறகு கிருமிநாசினித் தட்டில் இரண்டு கால்களையும் நனைத்துக்கொண்டு வண்டியேறினார்.