சீட்டு காலி, சுவர் மேலே கூட்டம்

நம்ம ஊரில் ஃபுட்பால் பார்க்க யார் வருவார்கள், எல்லாம் கிரிக்கெட் பைத்தியம் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குச் சுர்ரென்று ஏறும். வடசென்னையில் வியாசர்பாடி பக்கம் தலை வைத்துப் படுக்காதவர்கள் பேசும் பேச்சு அது. முல்லை நகர் கிரவுண்டில் ஞாயிற்றுக்கிழமை ஒரு டோர்னமென்ட் என்றால் சுவர் மேலே, பைக் சீட் மேலே, மொட்டை மாடியில் என்று எங்கு பார்த்தாலும் ஆட்கள்தான். எல்லைக் கோட்டை ஒட்டி நிற்பவன் மூஞ்சியில் பந்து வந்து அடிக்கும். துடைத்துக்கொண்டு ரெஃப்ரியைத் திட்டுவான்.

அந்தக் கூட்டம் நேரு ஸ்டேடியத்துக்கும் வந்திருக்கிறது. 2018 மார்ச்சில் இந்தியன் சூப்பர் லீக்கில் கோவாவோடு செமி ஃபைனல். நம்ம கிளப் சென்னையின் எஃப்சி 3-0 என்று ஜெயித்தது. ஜெஜே இரண்டு, தனபால் கணேஷ் ஒன்று. கணேஷ் எங்கள் வியாசர்பாடிப் பையன். அவர் கோல் போட்டபோது எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் "நம்ம பையன்டா!" என்று என் முதுகில் அறைந்ததை இன்னும் மறக்கவில்லை. அப்புறம் பெங்களூரில் போய்க் கோப்பையும் அடித்தார்கள்.

இப்போது அதே ஸ்டேடியத்தில் கேலரி கேலரியாக நாற்காலிகள் காலி. தூரம் ஒரு காரணமே இல்லை. வியாசர்பாடி ஜீவாவில் ரயில் ஏறினால் பேசின் பிரிட்ஜ், அடுத்தது மூர் மார்க்கெட். இறங்கி நடந்துவிடலாம்.

கணக்குதான் உதைக்கிறது. டிக்கெட் முந்நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அக்கா, மாமா, இரண்டு பிள்ளைகள்: ஆயிரத்து இருநூறு. ஆப்பில் வாங்கினால் அதற்கு மேலே ஒரு கட்டணம். வாசலில் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி வைத்துக்கொண்டால் உள்ளே காசு கொடுத்து வாங்க வேண்டும். பிள்ளைகள் பாப்கார்னைப் பார்த்தால் சும்மா இருக்குமா? ஏழரைக்கு ஆரம்பிக்கும் மேட்ச் முடிய ஒன்பதரை தாண்டும், மறுநாள் ஸ்கூல். இத்தனையும் செய்து உட்கார்ந்தால் நடுவே ஓட்டப்பாதை, ஆட்டக்காரர்கள் எங்கேயோ தூரத்தில். "டிவியிலயே பாத்துக்கலாம்பா" என்கிறார் மாமா. அவர் மேல் எனக்குக் கோபமே வருவதில்லை.

விலையை விட என்னை எரிச்சல்படுத்துவது ஓசிப் பாஸ். நண்பன் வேலை செய்யும் கம்பெனிக்கு ஒருமுறை ஒரு கட்டு பாஸ் வந்தது. பாதி அவன் மேசை டிராயரிலேயே கிடந்து காலாவதியானது. மறுபக்கம், முல்லை நகர் பையன்கள் "அண்ணே, டிக்கெட் எதுனா இருக்கா?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வெளிநாட்டிலும் இந்தச் சண்டை உண்டு, வேறு மாதிரி. இங்கிலாந்தின் பெரிய கிளப்களில் வருஷ மெம்பர்ஷிப்புக்குக் காசு கட்டினால் டிக்கெட் கிடைக்காது, டிக்கெட்டுக்கு முயற்சி செய்யும் உரிமைதான் கிடைக்கும். 2016 பிப்ரவரியில் லிவர்பூல் 77 பவுண்டுக்கு டிக்கெட் என்று அறிவித்தது. சண்டர்லாந்து மேட்சில் 77ஆவது நிமிடம் ஆயிரக்கணக்கானவர்கள் எழுந்து வெளியே போய்விட்டார்கள். 2-0 என்று இருந்த ஆட்டம் 2-2 ஆனது. சில நாட்களில் முதலாளிகள் மன்னிப்புக் கேட்டு விலையேற்றத்தைக் கைவிட்டார்கள். நம் ஊரில் எழுந்து போய்க் காட்டுவதற்கு முதலில் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டுமே!

ஜெர்மனியில் பெரும்பாலான கிளப்களில் ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் ரசிகர்களான உறுப்பினர்கள் கையில். டார்ட்மண்ட் கிளப் ஸ்டேடியத்தின் தெற்கு ஸ்டாண்டில் மட்டும் சுமார் 25,000 பேர் நின்றுகொண்டே பார்ப்பார்கள், மலிவான டிக்கெட்டில். நிற்பதற்கு எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஓசி வேண்டாம், ஐம்பது ரூபாய் வாங்குங்கள். ஒரு கேலரியை வடசென்னைக்கு என்று ஒதுக்கி சீசன் பாஸ் கொடுங்கள். மூன்று மேட்ச் வராதவன் பாஸை அடுத்தவனுக்கு மாற்றுங்கள். ஆப்பை நம்பாமல் பெரம்பூரிலோ ராயபுரத்திலோ ஒரு கவுண்டர் போடுங்கள். அக்கா பையன் விடியற்காலையிலேயே போய் வரிசையில் நிற்பான். மாமாவும் வருவார், டீ வாங்கித் தருவதாகச் சொன்னால்.