கடைசிக் கால் மணித்தியாலம்

பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது விடுதி, பரிசளிப்பு விழா, அதிபரின் பிரம்பு எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள் என்று தெரியும். நான் எழுத விரும்புவது 1990களின் கடைசியில் எங்கள் பத்தொன்பது வயதுக்குட்பட்ட உதைபந்தாட்ட அணி தோற்றுப்போன ஒரு காலிறுதியைப் பற்றி. அன்று விளையாடிய பெடியங்களைப் பற்றி அல்ல, அவர்கள் உயிரைக் கொடுத்து விளையாடினார்கள். கோட்டுக்கு வெளியே நின்று எங்கள் பயிற்றுநர் எடுத்த முடிவுகளைப் பற்றி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சேர் மீது எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. தன் சம்பளத்தில் எத்தனையோ பேருக்கு பூட்ஸ் வாங்கிக் கொடுத்த மனிதர், மழை வெயில் பாராமல் விடிய ஐந்தரைக்கு மைதானத்தில் நிற்பார். ஆனால் அந்தக் காலிறுதி எங்கள் கையில் இருந்தது, அது போனது அவருடைய முடிவுகளால்தான் என்பது என் கருத்து, இத்தனை வருசம் போயும் அது மாறவில்லை.

2-1 என்று முன்னிலையில் இருந்தோம். கடைசிக் கால் மணித்தியாலம். நான் மாற்று வீரர்களுடன் சேருக்குப் பக்கத்தில் இருந்ததால் அவர் சொன்னதெல்லாம் காதில் விழுந்தது. திடீரென்று எங்கள் கப்டனை, இரண்டு கோலும் அடித்தவனை, வெளியே கூப்பிட்டார். அவனுக்குக் காயமும் இல்லை, களைப்பும் இல்லை. "செமிக்கு இவன் வேணும், இவனை அடிச்சு முறிச்சுப் போடுவாங்கள்" என்றார். அவனுடைய இடத்தில் இன்னொரு பின்கள வீரனை இறக்கினார். அதுவரைக்கும் எதிரணியின் இரண்டு ஸ்டொப்பர்களும், அதாவது நடுப் பின்கள வீரர்களும், எங்கள் கப்டனை விட்டு அசைய முடியாமல் நின்றார்கள், அவன் போனதும் இரண்டு பேரும் நடுக்கோட்டைத் தாண்டி ஏறி வந்துவிட்டார்கள். நாங்கள் உதைத்து அனுப்பிய பந்தை முன்னுக்கு நின்று பிடித்து வைத்திருக்க ஆளே இல்லை, அது போன வேகத்தில் திரும்பி வந்தது. எடுத்த ஆளைத் திரும்ப உள்ளே விடவும் முடியாது. கப்டன் ஜேர்சியைக் கழற்றாமல் அப்படியே கோட்டருகே நின்றுகொண்டிருந்தான், யாரோடும் பேசவில்லை.

இங்கிலாந்தின் பயிற்றுநர் அல்ஃப் ராம்சி 1970 உலகக் கிண்ணக் காலிறுதியில் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். மெக்சிக்கோவின் லியோன் நகரில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்து 2-0 என்று முன்னிலை, 68ஆம் நிமிடத்தில் பெக்கன்பவர் ஒன்றைத் திருப்பினார், அடுத்ததாக ராம்சி பொபி சார்ல்டனை வெளியே எடுத்தார். அரையிறுதிக்கு அவருக்கு ஓய்வு வேண்டுமாம். அந்த அரையிறுதி வரவே இல்லை. ஸீலர் சமன் செய்தார், மேலதிக நேரத்தில் கேர்ட் முல்லர் அடித்து 3-2. இங்கிலாந்துக்காக சார்ல்டன் விளையாடிய 106ஆவது ஆட்டம் அது, கடைசியும் அதுதான்.

சரி, கப்டனை எடுத்ததைக்கூட ஒரு கணக்கு என்று விடலாம். அடுத்தது நேரம். "டேய், நேரத்தைக் கடத்துங்கோடா" என்று சேர் கத்தத் தொடங்கினார், ஆனால் நேரம் கடத்துவது எப்படி என்று அந்த வருசம் ஒரு நாள்கூட எங்களுக்குப் பழக்கவில்லை. அவர் விளையாடிய காலத்தில் அது சுலபம், பின்கள வீரன் கீப்பருக்குத் தட்டிவிடுவான், கீப்பர் கையில் எடுத்து ஆறுதலாக வைத்திருப்பார். 1992இல் சட்டம் மாறிவிட்டது, சொந்த அணிக்காரன் வேண்டுமென்றே காலால் கொடுத்த பந்தைக் கீப்பர் கையால் தொடக்கூடாது. சட்டம் சேருக்குத் தெரியும், ஆனால் பதற்றத்தில் வாயில் வந்தது பழைய பழக்கம்தான்: "பின்னுக்குக் குடு, கீப்பருக்குக் குடு!" அப்படிக் கொடுத்த ஒரு பந்தைக் கீப்பர் அவசரத்தில் உதைக்க, அது நேரே எதிரணியின் காலுக்குப் போய் 2-2.

அதற்குப் பிறகும் சமநிலையைக் காப்பாற்ற வேலிக்கு மேலால் பந்தை உதையுங்கள் என்றார். பக்கத்து வளவுக்குள் பந்து போகும், சின்னப் பிள்ளைகள் எடுத்து வருவார்கள், மத்தியஸ்தர் ஒவ்வொரு தடவையும் தன் மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார். இழந்த நேரத்தை எவ்வளவு கூட்டுவது என்பது அவர் கையில்தான் இருந்தது, மைதானத்தில் வேறு மணிக்கூடு கிடையாது. சேரோ தன் கையில் கட்டியிருந்ததைப் பார்த்து "முடிஞ்சுது, முடிஞ்சுது" என்று இரண்டு கையையும் தூக்கினார். எங்கள் பெடியங்கள் அதை நம்பினார்கள், ஏன் நம்பமாட்டார்கள், சொன்னது சேர். ஆட்டம் முடியவில்லை. மூலை உதை ஒன்று வந்தது, எங்கள் ஆட்கள் இரண்டு பேர் பிடிக்க வேண்டிய ஆளைப் பிடிக்காமல் நடந்துகொண்டிருந்தார்கள், மூன்றாவது கோல் விழுந்தது.

இதையெல்லாம் திரும்ப நினைக்க வைத்தது 2018 உலகக் கிண்ணத்தில் ஜப்பான் விளையாடிய இரண்டு ஆட்டங்கள். போலந்திடம் 1-0 என்று தோற்றுக்கொண்டிருந்தபோது பயிற்றுநர் அகிரா நிஷினோ கடைசி நேரத்தில் பந்தைப் பின்னுக்கு வைத்துச் சும்மா தட்டிக்கொண்டே இருக்கச் சொன்னார். மற்ற மைதானத்தில் கொலம்பியா செனகலை 1-0 என்று வென்றுகொண்டிருந்தது, அப்படியே முடிந்தால் ஜப்பானும் செனகலும் மற்ற எல்லாவற்றிலும் சமம், மஞ்சள் அட்டை குறைவு என்பதால் ஜப்பான் அடுத்த சுற்றுக்குப் போகும், ஜப்பானுக்கு நான்கு, செனகலுக்கு ஆறு. பார்வையாளர்கள் கூச்சலிட்டார்கள். எனக்கும் பார்க்கப் பிடிக்கவில்லை, ஆனாலும் அந்த முடிவில் ஒரு ஒழுங்கு இருந்தது: கோட்டிலிருந்து கத்தவில்லை, கப்டன் ஹசேபேயை 82ஆம் நிமிடத்தில் உள்ளே அனுப்பி, என்ன செய்ய வேண்டும் என்பதை அவர் மூலம் எல்லாருக்கும் தெரியப்படுத்தினார்.

அதே நிஷினோ அடுத்த ஆட்டத்தில், பெல்ஜியத்துக்கு எதிராக 2-0 என்று முன்னால் நின்று, 2-2 ஆகி, மேலதிக நேரத்துக்குப் போக வேண்டிய கட்டத்தில், தன் ஆட்களை மூலை உதைக்கு முன்னுக்கு ஏறவிட்டார். பெல்ஜியக் கீப்பர் கோர்ட்வா பந்தைப் பிடித்து டி புருய்னேக்கு உருட்டிவிட்டார், சில நொடிகளில் சாட்லி கோல் அடித்தார், 90 நிமிடம் முடிந்து கூட்டிய நேரத்தின் நான்காவது நிமிடத்தில். பெல்ஜியப் பயிற்றுநர் மார்ட்டினேஸ் 65ஆம் நிமிடத்தில் உள்ளே விட்ட பெலெய்னி, சாட்லி இரண்டு பேரும் ஆளுக்கொரு கோல் அடித்தது தனிக்கதை. அந்த மூலை உதையைக் கொடிப் பக்கத்திலேயே குறுக்கித் தட்டி வைத்திருந்தால் விசில் ஊதியிருக்கும் என்று நான் இன்றும் அடித்துச் சொல்வேன். அவ்வளவு பெரிய பயிற்றுநருக்கே நான்கு நாளுக்குள் அப்படி நடந்ததைப் பார்த்தபிறகு எங்கள் சேரில் இருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது, கருத்து தணியவில்லை.

இந்தக் கோடைச் சுற்றுப்போட்டிக்கு எங்கள் சங்க அணியைப் பொறுப்பெடுக்கும் தம்பிமாரிடம் கேட்பது இதுதான். பயிற்சியின் கடைசிப் பதினைந்து நிமிடத்தை இதற்கென்று ஒதுக்கி, ஒரு கோல் முன்னிலையில் இருக்கிறோம் என்று வைத்து விளையாடுங்கள். மூலைக்கொடிப் பக்கம் பந்தைக் கொண்டுபோய் வைத்திருக்கப் பழக்குங்கள், முன்னுக்கு ஒருவனையாவது எப்போதும் விட்டுவையுங்கள், நேரத்தை மத்தியஸ்தரிடம் மட்டும் கேளுங்கள். ஆள் குறைவென்றால் சொல்லுங்கள், எதிரணியாக நிற்க எங்கள் வகுப்புக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.