கடன் கொடுத்த கடவுச்சொல்

பல்கலைக்கழகக் கணினி மையத்தில் எனக்கு இது பதினோராவது வருடம். போன செமஸ்டரில் ஒரு திங்கட்கிழமை காலை, ஆராய்ச்சி மாணவி ஒருவர் லேப்டாப்பைத் திறந்தபடியே என் மேசைக்கு வந்தார். "சார், எந்தக் கட்டுரையும் திறக்க மாட்டேங்குது. வெள்ளிக்கிழமை சினாப்சிஸ் (ஆய்வேட்டுச் சுருக்கம்) கொடுக்கணும்." கண் கலங்கியிருந்தது.

எந்தக் கணக்கு எப்போது என்ன செய்தது என்று கணினி குறித்து வைக்கும் பதிவை, அதாவது லாகைப் பார்த்தேன். ஞாயிறு இரவு 11 மணியிலிருந்து விடியும்வரை ஒரே கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கில் பிடிஎஃப் இறங்கியிருந்தது. மனிதர் படிக்கிற வேகமில்லை, தானாக இறக்கும் சிறு நிரலின் (ஸ்கிரிப்ட்) வேலை. வெளி உலகத்துக்கு எங்கள் வளாகம் முழுவதும் ஒரே ஐபி முகவரிதான், அதாவது இணையத்தில் எங்களை அடையாளம் காட்டும் ஒரே எண். அந்தக் கட்டுரைகளை வெளியிடும் பதிப்பகம் அந்த முகவரியையே அடைத்துவிட்டது.

கணக்குக்குச் சொந்தக்காரன் முதலாமாண்டுப் பையன். "ரூம்மேட் கேட்டான், பாஸ்வேர்டு கொடுத்தேன் சார்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் லாகில் இருப்பது அவன் பெயர்தானே? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவை இருவரையும் உட்காரவைத்துப் படிக்கச் சொன்னேன். அடுத்தவர் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். ரூம்மேட்டின் முகம் வெளுத்துப்போனது. மிரட்டுவதற்காகச் செய்யவில்லை, இந்த வயதிலேயே தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

அப்புறம் கணக்கை முடக்கி, பதிப்பகத்துக்கு விளக்கம் எழுதினேன். மூன்றாம் நாள் மாலைதான் திறந்துவிட்டார்கள். அதுவரை அந்த மாணவிக்கு வேண்டியதை எங்கள் நூலகர் வெளி நூலகங்களில் கேட்டு வாங்கிக் கொடுத்தார்.

சேர்க்கையன்று நாங்கள் கையெழுத்து வாங்கும் விதிமுறைத் தாளை யாரும் படிப்பதில்லை. இந்த வருடம், முதல் லேப் வகுப்பிலேயே நானே அதை வாசித்துக் காட்டப்போகிறேன். பத்து நிமிடம் போதும்.